தங்கைடு

படகோட்டிக்கு அவள் அக்காவா தங்கையா என்று யாருக்கும் தெரியாது. விளையாட்டைச் செய்தவர்களுக்கே தெரியாது.

அவர்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். நாங்கள் தமிழில் எழுதுகிறோம். எங்களால் போக முடியவில்லை.

விளையாட்டின் பெயர் ஏழு மதகு. வெள்ளத்தில் மூழ்கிய ஒரு நாடு. ஒரு படகோட்டியும் அவன் உடன்பிறந்தவளும் மதகு மதகாகப் போய்த் திறந்து தண்ணீரை வடியவிடுகிறார்கள். அதற்கு ரசிகர்கள் நடத்தும் தமிழ் விக்கி ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம். இருநூற்றுப் பதினான்கு கட்டுரைகள். ஆறு வருடமாக அவற்றை ஒரே சீராக வைத்திருக்கிறேன். யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு பக்கத்தில் சம்மட்டி என்று இருப்பது இன்னொரு பக்கத்தில் சுத்தியல் என்று இருந்தால், படிப்பவர் இரண்டையும் தேடிக்கொண்டு வெள்ளத்தில் நிற்பார். அதனால் ஒரு பொருளுக்கு ஒரு பெயர். இது ஒன்றுதான் என் கொள்கை.

திங்கட்கிழமை எண்ணிப் பார்த்தேன். அவள் வரும் பக்கங்கள் நூற்று அறுபத்தொன்பது. தொண்ணூற்றேழில் அக்கா. அறுபத்தொன்றில் தங்கை. பதினொன்றில் சகோதரி. சகோதரி என்று எழுதியவர் சண்டை வேண்டாம் என்று நினைத்த நல்ல மனிதர். ஆனால் படகு கவிழும்போது ஒருவன் "சகோதரி, கயிற்றைப் பிடி" என்று கத்தினால், மேடையில் பேசுகிறானா முழுகுகிறானா என்று தெரியாது.

எண்ணியதற்குக் காரணம் ஒரு கடிதம். விளையாட்டைச் செய்த ஐந்து பேர் எழுதியிருந்தார்கள். தமிழிலும் வெளியிடப் போகிறார்கள். பெயர்களையும் வசனங்களையும் எங்கள் விக்கியிலிருந்தே எடுத்துக்கொள்ள ஆசை. வெள்ளி பகல் பன்னிரண்டு மணிக்கு மொத்தப் பக்கங்களையும் நகலெடுத்து ஒரு சோதனை நிரலில் ஓட்டுவார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் வந்தால் நிரல் தள்ளிவிடும். தள்ளிவிட்டால் இயந்திர மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்வார்கள். வருத்தம்தான், ஆனால் உட்கார்ந்து பிரித்துப் பார்க்க அவர்களிடம் தமிழ் தெரிந்தவர் இல்லை.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஆறு வருடம் நான் தேடித் தேடி வைத்த சொற்களை யாரோ ஒருவர் குரல் கொடுத்துப் பேசப் போகிறார். அதுவரை அப்படி ஓர் ஆசை எனக்கு இருந்தது எனக்கே தெரியாது.

அவர்களுக்கு உடனே எழுதிக் கேட்டேன்: அவள் மூத்தவளா இளையவளா? மறுநாள் பதில் வந்தது. அதை யோசித்ததே இல்லை, அது அவ்வளவு முக்கியமா என்று கேட்டிருந்தார்கள். கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை.

அந்தப் பொம்மையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறுபத்தொரு தங்கையும் ஒருவர் கைவேலை. விக்கியில் அவர் பெயர் கொசு. மூன்று வருடமாக நான் அக்கா என்று எழுதினால் அவர் தங்கை என்று மாற்றுவார், நான் திருப்பி மாற்றுவேன். பள்ளிக்கூடம் போகிற பையன் என்று நினைத்திருந்தேன். அதனால் பேச்சுப் பக்கத்தில் அவரைத் தம்பி என்றுதான் எழுதுவேன். பதிலுக்கு அவர் என்னை மேடம் என்பார். இரண்டிலும் மரியாதை கிடையாது.

முதல் மதகில் அவள் படகோட்டியிடம் தனக்குப் பின்னால் நிற்கச் சொல்கிறாள். "என் பின்னாடி நில்லுடா." விக்கியில் நான் எழுதிய முதல் வரி அது. தண்ணீர் சுவர் மாதிரி வரும்போது ஒருத்தி முன்னால் போய் நிற்கிறாள் என்றால் அவள் அக்காதான். இதைக் கொசுவிடம் ஐந்து விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவருடைய சான்று மூன்றாம் மதகு. அங்கே படகோட்டி தன் பங்கு ரொட்டியை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பசிக்கவில்லை என்கிறான். அண்ணன்தான் அப்படிச் செய்வான் என்று கொசு எழுதினார். அந்த அண்ணன் எந்த ஊரில் இருக்கிறான் என்று கேட்டேன்.

புதன்கிழமை என் கைப்பேசி எண்ணை அவருக்கு அனுப்பினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டார். நான் வேலை செய்வது பல்செட் செய்யும் லேபில். மெழுகு வாசனையும் அச்சு வார்க்கும் சாந்தின் தூளும் இல்லாத இடம் படிக்கட்டு மட்டும்தான். அங்கே போய் எடுத்தேன். கட்டைக் குரல். பின்னால் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறாராம். இரண்டு பெண்கள் இருக்கிறார்களாம்.

கொஞ்ச நேரம் இருவருக்கும் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

"அக்கான்னே கூப்பிடட்டுமா?" என்றார்.

"எனக்கு முப்பத்தி நாலு."

"அப்ப வேணாம். எனக்கு நாப்பத்தொண்ணு." நிறுத்திவிட்டுச் சொன்னார்: "மூணு வருசமா தம்பி தம்பின்னு எழுதினியேம்மா. என் பொண்ணுங்க படிச்சுப் படிச்சுச் சிரிக்கும்."

மன்னிப்புக் கேட்டேன். பிறகு விஷயத்துக்கு வந்தேன். யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும், எண்ணிக்கைப்படி பார்த்தால் அது அவர்தான் என்றேன். எண்ணிக்கையில் வந்தால் சரியாகிவிடுமா என்று கேட்டார். ரொட்டியைத் திரும்ப எடுத்தார். நான் தண்ணீருக்கு முன்னால் நிற்பதை எடுத்தேன்.

"ஒரு தங்கச்சி அப்படி நிக்க வைப்பாளா சொல்லுங்க."

"என் சின்னது பெரியவள அப்படித்தான் நிக்க வைக்கிது. வீட்டுக்கு வந்து பாரு."

அவர் விடமாட்டார் என்பது தெரிந்துவிட்டது. நான் அக்காவென்று மாற்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எப்படியும் பத்துப் பக்கத்திலாவது தங்கையாக்கி வைப்பார். வீம்புக்கு அல்ல, நம்பிக்கையினால். அதுதான் மோசம். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்: "சரி, தங்கச்சியே இருக்கட்டும். தப்பா இருந்தாலும் ஒண்ணா இருந்தாப் போதும்."

"சரிம்மா" என்று இழுத்தார். ஜெயித்தவருக்கும் அது பிடிக்கவில்லை போலிருந்தது.

தங்கை என்று முடிவானால் வேலை ஒரு சொல்லோடு நிற்காது. அவள் பேசுவதெல்லாம் மாற வேண்டும். டா போட முடியாது. போடா, வாடா, மடையா எல்லாம் போய் அண்ணா வர வேண்டும். இருபத்திரண்டு வசனங்கள். ஆளுக்குப் பதினொன்றாகப் பிரித்துக்கொண்டோம். வியாழக்கிழமை மாலை சமையல் மேடையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, என் பின்னாடி நில்லுடா என்பதை அழித்துவிட்டு, என் பின்னாடி நில்லுண்ணா என்று எழுதினேன். இப்போது அது கெஞ்சல் மாதிரி இருந்தது.

இரண்டு நாளாக நான் அக்கா, தங்கை, விட்டுக்கொடுப்பது என்று போனில் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த மாமியார், என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு எந்தச் சொந்தத்தில் பிரச்சினை என்று விசாரித்திருக்கிறார். பிறக்காத ஒருத்திக்கு வயது பார்க்கிறார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். மாமியார் அதற்குமேல் கேட்கவில்லை.

பதினொரு சகோதரிகளை முந்தின இரவே கையால் மாற்றியாயிற்று. வெள்ளி காலை எட்டு மணிக்கு, மிச்சம் இருந்த அக்காக்களை மொத்தமாக மாற்ற உட்கார்ந்தேன். விக்கியில் அதற்கு ஒரு கருவி உண்டு. இந்தச் சொல் வரும் இடத்திலெல்லாம் அந்தச் சொல்லைப் போடு என்றால் போடும். இலவசத் தளம் என்பதால் நாளுக்கு ஒரு தடவைதான் ஓட்டவிடுவார்கள். அதனால் பட்டியலைக் கவனமாக எழுதியிருந்தேன். அக்காவை என்பது தங்கையை. அக்காவின் என்பது தங்கையின். அக்காவுக்கு என்பது தங்கைக்கு. அக்காவோடு, அக்காவிடம், அக்காதான். கடைசி வரியில் வெறும் அக்கா, வெறும் தங்கை. முன்னோட்டத்தில் மூன்று பக்கம் பார்த்தேன். சரியாக வந்தது. ஓட்டிவிட்டு பஸ் பிடித்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நாலு நாளில் முதல் தடவையாக வெளியே பார்த்தேன்.

பத்தேகாலுக்கு, நான் லேபில் வேலையில் இருக்கும்போது, கொசு கூப்பிட்டார்.

"ஏம்மா, தங்கைடுன்னா என்ன?"

எனக்குப் புரியவில்லை. ஒரு வரியைப் படித்துக் காட்டினார். ஒருத்தி தங்கைட்டில் தனியாக வாழ்கிறாள் என்று இருந்தது. இன்னொன்று: தங்கைலத்தில் மதகுகள் மரத்தால் செய்யப்பட்டன.

கை நின்றுவிட்டது. கையில் யாருடைய கீழ்த்தாடையோ இருந்தது.

விக்கியின் ஆரம்ப நாட்களில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். புலவர் என்று பெயர் வைத்துக்கொண்டவர். அந்தக் காலம் என்று எழுத மாட்டார், அக்காலம் என்பார். அந்தக் காட்சி அக்காட்சி. விளையாட்டில் பெயரே இல்லாத ஒரு காடு வரும். அந்தக் காடு என்பதை அவர் அக்காடு என்று எழுத, பின்னால் வந்த எல்லாரும் அதுதான் பெயர் என்று நினைத்து அப்படியே எழுதினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு பெயர் என்று நானும் விட்டுவிட்டேன். இப்போது அக்காடு இருந்த முப்பத்தொன்பது பக்கத்திலும் கருவி அக்காவைக் கண்டுபிடித்துத் தங்கை ஆக்கியிருந்தது. மீதி டு.

கடைசி வரியில் சொல்லுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டிருந்தால் போதும். விடவில்லை.

கருவி மறுநாள்தான் திரும்ப ஓடும். பக்கம் பக்கமாகப் பழைய நிலைக்குத் திருப்பலாம், ஆனால் காடு வரும் பக்கத்திலெல்லாம் அவளும் வருவாள். திருப்பினால் காடு சரியாகும், அவள் மறுபடி அக்கா ஆகிவிடுவாள். கையால் திருத்துவதைத் தவிர வழியில்லை. அவர் மேலிருந்து, நான் கீழிருந்து என்று பிரித்துக்கொண்டோம். முதலில் தங்கைலம், தங்கைட்சி. அவை பத்துப் பக்கம்தான், முடிந்தது. பிறகு காடு. ஒரு பக்கத்தில் அது ஆறு ஏழு இடத்தில் வந்தது. தங்கைட்டை, தங்கைட்டின், தங்கைட்டுக்குள். கைப்பேசித் திரையில் சாந்துத் தூள் படிந்து விரல் வழுக்கியது. முதலாளி வந்து கீழ்த்தாடை என்னாயிற்று என்றார். கிளினிக்கிலிருந்து ஆள் வந்து காத்திருக்கிறாராம். பாலிஷ் மட்டும் பாக்கி என்றேன். பாலிஷ் போட இவ்வளவு நேரம் எடுத்தால் பல்லுக்குக் காத்திருப்பவர் கஞ்சி குடித்தே செத்துவிடுவார் என்றார். போய்விட்டார்.

பதினொன்று நாற்பதுக்குக் கூட்டிப் பார்த்தோம். திருத்தியது பதினான்கு பக்கம். மீதி இருபத்தைந்து. கொசு ஒரு பாடத்தை ரத்து செய்துவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். இருபது நிமிடத்தில் இருபத்தைந்து முடியாது என்பது இருவருக்கும் தெரிந்தது. பதினாலில் அக்காடு, இருபத்தைந்தில் தங்கைடு. ஒரே காட்டுக்கு இரண்டு பெயர். நிரல் தள்ளிவிடும்.

அவர்தான் முதலில் சொன்னார். சொல்லத் தயங்கித்தான் சொன்னார்.

"பதினால திருப்பிட்டா?"

நாங்கள் திருத்தியதைத் திருப்புவது சுலபம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பொத்தான். பதினான்கு அழுத்தல். முப்பத்தொன்பதும் தங்கைடு ஆகிவிடும். தப்பு, ஆனால் ஒன்று.

"அது ஒரு வார்த்தையே இல்லண்ணா," என்றேன். அண்ணா என்று எப்போது சேர்ந்தது என்று கவனிக்கவில்லை.

"தெரியும்மா. ஆனா நிரலுக்குத் தெரியாதே."

புதன்கிழமை படிக்கட்டில் நான் சொன்னதை அவர் ஞாபகப்படுத்தவில்லை. ஞாபகப்படுத்தியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அக்காவை விட்டாயிற்று. நில்லுடாவை விட்டாயிற்று. ஒரு காட்டுக்காக மீதி ஆயிரம் சொல்லையும் விடுவதா என்று யோசித்தேன். மதகு, துடுப்பு, நீர்க்கூண்டு, மூச்சுக்கல், எல்லாம் என்னுடையவை. முதலாளி கதவிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"நீங்க எட்டு, நான் ஆறு," என்றேன்.

பதினொன்று ஐம்பத்தொன்றுக்கு முடித்தோம். கீழ்த்தாடை பன்னிரண்டேகாலுக்குப் போனது. அதற்குத் திட்டு தனியாகக் கிடைத்தது.

மாலை கடிதம் வந்தது. முரண்பாடு பூஜ்யம். இவ்வளவு சுத்தமான விக்கியை எந்த மொழியிலும் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார்கள். காட்டைப் பற்றிப் பதில் எழுதினேன், அது எழுத்துப்பிழை, மாற்றிவிடுங்கள் என்று. சொற்களைப் பூட்டிவிட்டார்களாம். ஒன்றைத் திறந்தால் எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள். அந்த வார இறுதியில் கருவியை ஓட்டி விக்கியிலாவது அக்காட்டைத் திரும்ப வைத்தேன்.

நான்கு மாதம் கழித்துத் தமிழில் வெளிவந்தது. முதல் மதகில் ஒரு பெண் குரல் "என் பின்னாடி நில்லுண்ணா" என்றது. கெஞ்சவில்லை. அதட்டலாகச் சொன்னது. கொசுவுக்கு அதைச் சொல்லலாமா என்று நினைத்தேன், சொல்லவில்லை. வரைபடத்தின் வடக்கு மூலையில் பச்சை எழுத்தில் தங்கைடு. கதை சொல்லும் குரல் அதை ஒரு தடுமாற்றமும் இல்லாமல் உச்சரித்தது. ஏதோ பழைய ஊர்ப் பெயர் போல இருந்தது.

அடுத்த வாரமே விக்கியில் புகார்கள். விளையாட்டில் தங்கைடு, உங்கள் கட்டுரையில் அக்காடு, ஏன் இந்தக் குழப்பம், இங்கே பொறுப்பாக யாரும் இல்லையா. விளையாட்டில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் விக்கியில் இருக்க வேண்டும். வேறு வழியில்லை. சனிக்கிழமை உட்கார்ந்து முப்பத்தொன்பது பக்கத்திலும் அக்காட்டை நீக்கித் தங்கைடு என்று போட்டேன். என் கையால்.

காட்டின் கட்டுரையில் அன்றே யாரோ பெயர்க்காரணம் என்று ஒரு பத்தி சேர்த்திருந்தார்கள். அண்ணனைக் காக்கத் தங்கை தன்னையே ஈடாக வைத்த காடு, தங்கை கூட்டல் ஈடு. போட்டவர் கொசு.

தங்கையும் ஈடும் சேர்ந்தால் தங்கையீடு என்றுதான் வரும். நீக்கினேன். காரணம் கேட்கும் கட்டத்தில் ஆதாரம் இல்லை என்று எழுதினேன்.

பத்து நிமிடத்தில் பத்தி திரும்ப வந்தது.