காவலுக்கு வைத்த கல்

எங்கள் காலனிப் பூங்கா இருபத்திரண்டு சென்ட். நான்கு வேப்ப மரம், இரண்டு சிமெண்டு பெஞ்சு, சுற்றிவர நடைபாதை. மனை பிரித்தபோதே பொது இடமென்று எழுதிக் கொடுத்தது. வேலி கிடையாது.

தொண்ணூற்று நாலில், மனை பிரித்தவரின் மகன் அங்கே எல்லைக்கல் நட ஆள் அனுப்பினான். நான்கு மனையாக விற்கப்போவதாகப் பேச்சு.

சாலமோன் மனு எழுதினார். பக்கத்து வீட்டுக்காரர், பூகோள வாத்தியார். தினமும் காலையில் பூங்காவில் இருபது சுற்று நடப்பார். சர்க்கரை வியாதி. ஒரு கால்விரலை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. வெறுங்காலோடு எங்கேயும் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எப்போதும் வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டிருப்பார்.

ஏழு மனு போயிற்று. பதில் இல்லை.

"இது ஆகாது வே," என்றேன். "ஒரு பிள்ளையாரை வச்சிருவோம். ஒரு பய கிட்ட வரமாட்டான்."

"உம்ம சாமிக்கு வாட்ச்மேன் வேலையா? சம்பளம் என்ன குடுப்பீரு?"

"வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை சுண்டல்."

சிரித்தார். பிறகு, "கொஞ்சம் பொறும் வைத்தி. எட்டாவது மனு மேலிடத்துக்குப் போட்டிருக்கேன்," என்றார்.

நான் பொறுக்கவில்லை. வடக்கு வேம்பின் அடியில் பிள்ளையாரை வைத்தோம். பீடத்துக்கு மணல் போதவில்லை. சாலமோன் தன் வீட்டிலிருந்து இரண்டு சட்டி சுமந்துவந்து கொட்டினார்.

மறுநாள் வந்த ஆட்கள் பிள்ளையாரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நட்ட கற்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஒரு வருஷம் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு தகரக் கொட்டகை வந்தது. கமிட்டி வந்தது. இரும்புக் கடை நமச்சிவாயம் தலைவர், நான் செயலாளர். ஆடு வருகிறது என்று பூங்காவைச் சுற்றிச் சுவர் எழுப்பத் தீர்மானம். அதை எழுதியது நான். கதவு போட்டார்கள். கதவில் ஒரு பலகை: காலணியுடன் உள்ளே வரக் கூடாது.

அன்று காலை சாலமோன் பலகையைப் படித்தார். தன் ஷூவைப் பார்த்தார். திரும்பிப் போனார்.

நமச்சிவாயத்திடம் போனேன். "அண்ணாச்சி, சாலமோன் சாருக்கு மட்டும் விடலாம்லா? காலுக்கு ஆகாது."

"ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் செருப்போட வருவான். சாமி இடம்லா."

"பார்க்குல்லா அண்ணாச்சி."

"முன்ன," என்றார்.

தொண்ணூற்றெட்டு தை மாதம் சர்வேயர் ஒருவர் வந்தார். கையில் எட்டாவது மனு. வரைபடத்தை விரித்துப் பார்த்தார். பூங்கா என்றுதான் இருந்தது.

"கோயில் எப்ப வந்தது?"

"முப்பது வருஷமா இருக்கு," என்றார் நமச்சிவாயம். அவர் பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள்.

சர்வேயர் என்னைப் பார்த்தார். "நீங்கதான் செயலாளரா? அவர் சொல்றது சரியா?"

சுவருக்கு வெளியே சாலமோன் நின்றார். தோளுக்கு மேல் மட்டும் தெரிந்தது. நாலு வருஷம் என்று சொன்னால் போதும்.

"எனக்குத் தெரிஞ்சு இருக்கு," என்றேன்.

எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன்.

எல்லோரும் போன பிறகு வெளியே வந்தேன். சாலமோன் அங்கேயே நின்றிருந்தார்.

"இடிக்கச் சொல்லணும்னு நான் நினைக்கல வே," என்றார். "அதுல என் மணலும் கிடக்கு. அந்தப் பலகையைக் கழட்டிட்டு, கதவைத் திறந்து போட்டாப் போதும்னுதான் நின்னேன்."

கதவுச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

மறுநாள் காலை பால் வாங்கப் போனபோது அவரைத் திருச்செந்தூர் ரோட்டில் பார்த்தேன். பாதயாத்திரைக் கூட்டம் பச்சை வேட்டியும் வெறுங்காலுமாகப் போய்க்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கமிருந்து சாலமோன் வெள்ளை ஷூவோடு, ரோட்டை ஒட்டி, பைய நடந்து வந்தார். அவருக்குப் பின்னால் பஸ் ஹாரன் அடித்தது.

பாதயாத்திரைக்காரர்கள் ஒதுங்கி அவருக்கு வழிவிட்டார்கள்.