இரண்டு வருஷத்துக்கு நடுவில் ஒரு சேட்டு

பரந்தன் சந்தியில் இறங்கி முல்லைத்தீவு வீதியால் கிழக்கே போனால் வரும் எங்கள் குடியேற்றத் திட்டத்தில், யோகலிங்கத்தார் வீட்டு உடுப்புக் கொடியில் தொங்கிய ஒரு சேட்டுக்கு, உள்ளே ஆள் இல்லாமலே, தொந்தி வைத்தது. நம்பாதவர்கள் நம்பவேண்டாம். அந்தப் போகம் நெல் என்ன விலைக்குப் போனது என்று சொன்னாலும் நம்பாதவர்கள் இருக்கிறார்கள். அதற்காக நெல் போகாமல் விட்டதா? தொந்தி வைத்தது சித்திரை வருஷப்பிறப்பன்று, பட்டப்பகலில், ஊர் பார்த்திருக்க. பார்த்தவர்களை வரிசையில் விட்டால் வரிசையின் வால் ஆனையிறவு உப்பில் கிடந்து ஊறும். பார்த்தும் நம்பாமல் நின்றவர் ஒரேயொருவர், யோகலிங்கத்தாரின் மனைவி பத்மாசனியின் தமையன் தில்லைநாதன். குளத்து மதகுத் துருசில் இத்தனை அடி தண்ணீர் போகிறது என்று வாழ்நாள் முழுக்க அளந்துவிட்டு ஓய்வு பெற்றவர். அளவுக்கு அடங்காத எதையும் அவர் காற்று என்றுதான் சொல்வார்.

முதலில் பஞ்சாங்கத்தைச் சொல்லவேண்டும். யோகலிங்கத்தார் யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்த வாக்கியப் பஞ்சாங்கக் குடும்பம். பத்மாசனி, அதே திட்டத்தில் அடுத்த வாய்க்காலில் குடியேறிய திருக்கணிதப் பஞ்சாங்கக் குடும்பம். பொருத்தம் பார்த்தவர்கள் பத்துப் பொருத்தமும் பார்த்தார்கள், இதை மட்டும் பார்க்க மறந்துபோனார்கள். வருஷம் எந்த நேரம் பிறக்கிறது என்பதில் இந்த இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போவதில்லை. ஒன்றில் வருஷம் பிறந்து தவழத் தொடங்கிய பிறகுதான் மற்றதில் வலியே எடுக்கும். புது உடுப்பு என்ன நிறத்தில் இருக்கவேண்டும் என்பதிலும் அப்படித்தான். கலியாணமான முதலாவது வருஷப்பிறப்பில் யோகலிங்கத்தார் மருத்துநீர் வைத்து முழுகி, புது வேட்டி உடுத்து, பலகாரத்துக்குக் கதிரையில் உட்கார்ந்தார். பத்மாசனியோ குசினிக்குள் இன்னும் பழைய வருஷத்தில் நின்றாள். பழைய வருஷத்தில் நின்றுகொண்டு புது வருஷத்துப் பலகாரத்தை எப்படி எடுத்துக் கொடுப்பது? அவர் வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வாய்க்காலில் ஒரு முறைத் தண்ணீர் பாய்ந்து வடிந்தது.

அதன் பிறகு வீட்டில் ஓர் ஒப்பந்தம் வந்தது, அதை இன்றுவரை ஒருவரும் மீறவில்லை. முதலில் பிறக்கும் வருஷத்துக்குப் புது உடுப்பு. பிந்திப் பிறக்கும் வருஷத்துக்குப் பலகாரம். நிறத்திலும் வழக்குத் தீர்ந்தது. பத்மாசனி தையல்காரி. வாக்கியம் சொன்ன நிறத்தில் ஒரு முழுத் துணி வாங்கி வீட்டில் எல்லோருக்கும் அதிலேயே வெட்டுவாள். திருக்கணிதம் சொன்ன நிறத்தில் கொலரும் பொக்கற்றும் வைப்பாள். நீல உடம்பும் மஞ்சள் கழுத்துமாக, பிள்ளைகள் இரண்டோடும் சேர்த்து, அவர்கள் நாலு பேரும் கோயிலுக்கு வரும்போது, வயலுக்கு அந்தப் பக்கம் நிற்பவரும் யார் வீட்டு ஆட்கள் என்று சொல்லிவிடுவார். தைத்து முடித்ததும் கழுத்தில் மஞ்சள் தடவி, சூரியனுக்குக் காட்டவென்று கொடியில் போடுவாள். யோகலிங்கத்தார் குருத்தோலையில் கிளி பின்னித் தோரணம் கட்டுவார். முறுக்கு பிழிவதும் அவர்தான். அந்த முறுக்கைக் கடிக்கிற சத்தத்துக்குப் பரந்தன் சந்தியில் பஸ்காரர்கள் ரயர் வெடித்ததென்று இறங்கிப் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டு வருஷங்களுக்கும் நடுவில் கிடந்த அந்த நேரத்துக்கு ஊர் வைத்த பெயர் நடுநேரம். புது உடுப்போடு, பசியோடு, மூடி வைத்த பலகாரத்துக்கு முன்னால் காவல் நிற்கும் நேரம். மகன் ஜெயந்தனுக்குச் சிப்பி என்றால் உயிர். சீப்பில் அழுத்தி உருட்டி, பொரித்து, சீனிப் பாகில் போட்டெடுக்கிற அந்தச் சின்னச் சுருள். மேசை விளிம்பில் நாடியை ஊன்றிக்கொண்டு அவன் மூடிய துணிக்கு மேலாக வாசம் பிடிப்பான். துணியைத் திறக்கும்போது மேல் அடுக்குச் சிப்பிகளில் வாசமே மிஞ்சியிருக்காது. தாய் அதை அவன் பங்கில் கழித்துவிடுவாள்.

அவன் பிரான்சுக்குப் போனான். தங்கை சுதாஜினிக்குக் கலியாணம் வந்தபோது விசா வழக்கு முடியாததால் வர வழியில்லை. யோகலிங்கத்தார் தொலைபேசியில், "தங்கச்சியின்ர கலியாணத்துக்கு வராதவன் இனி ஒண்டுக்கும் வரத் தேவையில்லை" என்று சொல்லி வைத்துவிட்டார். சொன்ன மாத்திரத்திலேயே அவருக்கு அது பிழையென்று தெரியும். ஆனால் வாயால் விட்டதை எடுப்பது அவர் பரம்பரையில் இல்லை. மகனும் அதே பரம்பரைதானே. கனடாவுக்குப் போன தங்கையிடம், "அப்பா எடுத்தால் கதைப்பன், அதுவரைக்கும் என்னைப் பற்றி வீட்டில ஒரு சொல்லும் சொல்லக்கூடாது" என்று சத்தியம் வாங்கினான். தாய் எடுத்தாலும் அவன் தூக்குவதில்லை. பத்மாசனி கேட்டுக் கேட்டு அலுத்தாள். "நீங்கள் ஒருக்கால் எடுங்கோவன்." "அவனுக்குக் கையில்லையோ?" இப்படியே வருஷங்கள் போயின. தகப்பன் மகனின் பெயரைச் சொல்வதில்லை. ஆனால் சிப்பி சுடுகிற நாளில் குசினி வாசலில் நின்று, "இன்னும் கொஞ்சம் சுடன், ஆரும் வந்தாலும்" என்பார்.

பிள்ளைகள் இல்லாவிட்டாலும் பத்மாசனி அவர்களுக்கு வெட்டுவதை விடவில்லை. ஒரே துணியில் நாலு உடுப்பு. இரண்டை அவர்கள் உடுத்தார்கள், இரண்டு கொடியில் தொங்கின. ஜெயந்தன் பேசாமல் விட்ட பிறகு வந்த முதலாவது வருஷப்பிறப்பில், முந்திய வருஷம் பிறந்து பிந்தியது பிறக்காமல் கிடந்த நேரம், கொடியில் தொங்கிய சேட்டுக்குத் தோள் முளைத்தது. பிறகு நெஞ்சு. பிறகு, துணிக்கு மேலால் எண்ணக்கூடிய மாதிரி விலா எலும்பு. தாய்க்கு வேறு அடையாளம் வேண்டுமா? "பெடி சாப்பிடுறேல்லை" என்று சொல்லி அப்படியே மண்ணில் இருந்துவிட்டாள். பிந்திய வருஷம் பிறந்து கோயில் மணி அடித்ததும் சேட்டு மறுபடி துணியானது. ஊர் இதை அதிகம் ஆராயவில்லை. நடுநேரம் எந்த வருஷத்துக்கும் சொந்தமில்லை. வருஷத்துக்கே சொந்தமில்லாதது நாட்டுக்கு எங்கே சொந்தமாகப்போகிறது? அதற்குள் விசாவும் செல்லாது, வழக்கும் செல்லாது.

அடுத்த வருஷம் சுதாஜினியின் சட்டை முன்பக்கம் உருண்டு நின்றது. பத்மாசனி கனடாவுக்கு எடுத்து, "எத்தினை மாதம்?" என்று கேட்க, மருமகனுக்கே இன்னும் சொல்லாத மகள் அந்தப் பக்கத்தில் கத்திய கத்தில் இங்கே கூரை ஓடு நகர்ந்தது. இன்னொரு வருஷம் ஜெயந்தனின் சேட்டில் இடது கை மடங்கி விறைத்து நின்றது. "அண்ணா ஏணியால விழுந்ததை உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று சுதாஜினி வாய்தவறினாள். அதன் பிறகுதான் அந்தத் தொந்தி. அளவான, எண்ணெய்ச் சாப்பாட்டுத் தொந்தி. கீழ்ப் பொத்தான் இரண்டும் திணறின. பத்மாசனி சிரித்தாள், அழுதாள், ஊருக்கெல்லாம் சிப்பி கொடுத்தாள். மாங்குளத்திலிருந்து உழவு இயந்திரத்தில் ஆட்கள் வந்திறங்கினார்கள். அவள் சேட்டைத் தொடமாட்டாள். கிட்டப் போய் நின்று, கொலருக்கு நேரே ஒரு சிப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், அவ்வளவுதான். யோகலிங்கத்தாரோ கொடியை நிமிர்ந்து பார்க்காமல் கிணற்றடியில் ஓலை பின்னுவார். அவருக்கு முன்னால் ஒரு பேசினில் தண்ணீர் நிறைத்து வைத்திருப்பார். அதற்குள் கொடி தலைகீழாகத் தெரியும்.

தில்லைநாதன் மட்டும் மசியவில்லை. "காத்து, பிள்ளை, காத்து. வெறும் வயல் வெளி, கொடி குறுக்கால நிக்குது, துணி ஊதாமல் என்ன செய்யும்?"

"காத்துக்கு விலா எலும்பு இருக்கே, அண்ணை?"

"உன்ர தையல் சுருக்கம் அது."

"தையலைச் சொல்லாதேங்கோ. நீங்கள் போட்டிருக்கிறதும் நான் தைச்சதுதான்."

"அதாலதான் சொல்லுறன்" என்பார் அவர், தன் சேட்டை இழுத்து விட்டுக்கொண்டு.

இப்படியிருக்க, இந்த வருஷம் பஞ்சாங்கம் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தைச் சொல்லின. நாழிகை பிசகாமல், வினாடி பிசகாமல், காலையில் வருஷம் பிறக்கிறது. நிறமும் ஒன்று, இளம்பச்சை. சூரியன் கிழக்கில் உதிப்பதைத் தவிர வேறெதிலும் ஒத்துப்போகாத இரண்டும் ஒத்துப்போனதை ஊர் கொண்டாடியது. ஐயருக்கு ஒரு பூசை மிச்சம். பத்மாசனி மட்டும் கத்தரிக்கோலை மடியில் வைத்தபடி இருந்தாள். நடுவில் நேரமே இல்லையென்றால் அவள் மகனை எதற்குள் பார்ப்பாள்? ஒரு வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கிற கண். அதுவும் போனால் அடுத்த சித்திரை வரைக்கும் அவன் மெலிந்தானா, விழுந்தானா, இருக்கிறானா?

தமையனிடம் போனாள். "அண்ணை, ஆரையேன் பிடிச்சு உங்கட பஞ்சாங்கத்தை ஒரு மணித்தியாலம் தள்ளச் சொல்லுங்கோ."

"விசர்க்கதை கதையாதை. அது கணக்கு. நட்சத்திரத்துக்கு நான் சொல்லேலுமே?"

"மற்ற நேரமெல்லாம் எங்கட பஞ்சாங்கம் எங்கட பஞ்சாங்கமெண்டு நெஞ்சில அடிக்கிறியள். ஒரு உதவிக்கு ஆகாது."

தில்லைநாதன் நம்பாதவர்தான், ஆனால் தங்கையின் முகத்தை அளக்க அவரிடம் அளவுகோல் இல்லை.

வருஷப்பிறப்பன்று காலையில் மருத்துநீர் வைத்து முழுகினார்கள். நாலு இளம்பச்சை உடுப்பும் கொடியில் தொங்கின. ஜெயந்தனின் சேட்டில் வயிற்றுப் பக்கம் இரண்டு விரல் கூட விட்டுத் தைத்திருந்தாள். கோயில் மணி அடித்தது. வருஷம் பிறந்துவிட்டது, எல்லோருக்கும், ஒரே சமயத்தில். காற்றென்றால் அப்படியொரு காற்று. தோரணத்துக் கிளிகளில் பாதி உண்மையாகவே பறந்து இரணைமடுப் பக்கம் போய்விட்டன. கொடியில் மற்ற உடுப்பெல்லாம் அடித்தன. அந்தச் சேட்டு மட்டும் இஸ்திரி போட்டு ஒட்டியது போலத் தட்டையாகத் தொங்கியது. தில்லைநாதனுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும், இல்லை. காற்று இருக்கிறது, தொந்தி இல்லை. அவர் கணக்கு பிழைத்துக் கிடந்தது. தங்கையின் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு கொடியடிக்குப் போனார்.

பத்மாசனி கணவனின் புதுச் சேட்டைக் கொடியிலிருந்து எடுத்துக் கதிரையில் வைத்தாள். பலகாரத் தட்டின் துணியை விலக்கினாள். "எடுங்கோ. இந்த முறை காத்திருக்கத் தேவையில்லை." அரியதரமும் பயத்தம்பணியாரமும் முறுக்கும் சிப்பியும் அப்படியே இருந்தன. ஒருவரும் கை வைக்கவில்லை. யோகலிங்கத்தார் பழைய சாரத்தைக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் நின்றார். பேசின் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உடுப்பை மாத்துங்கோவன்" என்றாள் பத்மாசனி. "வருசம் பிறந்திட்டுது."

"ஆருக்கு?"

"ஊருக்கு."

"எனக்குப் பிறக்கேல்லை."

"வாக்கியத்திலயும் பிறந்திட்டுது, மச்சான்" என்று தில்லைநாதன் கொடியடியிலிருந்து சொன்னார். "உன்ர பஞ்சாங்கம்தான்."

யோகலிங்கத்தார் பேசினைக் காலால் தட்டிக் கவிழ்த்தார். பிள்ளைகள் போன நாளிலிருந்து முதன்முறையாகத் தலையை நிமிர்த்தி, நேரே கொடியைப் பார்த்தார். "உன்ர பஞ்சாங்கமும் என்ர பஞ்சாங்கமும் சேர்ந்து பொய் சொல்லுதுகள். வீட்டில ஒருத்தன் குறையேக்க அது என்ன பிறப்பு? இந்த வீட்டில இன்னும் பழைய வருசம். நான் சொல்லாமல் அது முடியாது." பிறகு மனைவியிடம் கையை நீட்டினார். "அந்தப் போனைத் தா."

ஊரில் புது வருஷம். அந்த முற்றத்தில் பழைய வருஷம். இரண்டுக்கும் நடுவில், ஒரு மனிதனின் பிடிவாதத்தின் அளவுக்கு, நேரம் திறந்துகொண்டது.

பத்மாசனி இலக்கத்தைத் தட்டிக் கொடுத்தாள். மணி போனது. அந்தப் பக்கத்தில் யாரோ எடுத்தார்கள், பேசவில்லை.

"நான்தான்" என்றார் யோகலிங்கத்தார். பிறகு, "அப்பா" என்றார். சொல்லவேண்டியது நிறைய இருந்தது. அவருக்கு வந்தது ஒன்றுதான். "கொம்மா சிப்பி சுட்டிருக்கிறா. கனக்கச் சுட்டிருக்கிறா." போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. "கதைக்கிறானில்லை. அவனுக்கு விருப்பமில்லைப் போல. வைக்கப்போறன்."

"வையாதை, மச்சான்."

திரும்பிப் பார்த்தார்கள். தில்லைநாதன், ஜெயந்தனின் சேட்டு நெஞ்சைச் சுற்றி அளவுநாடாவைப் பிடித்தபடி நின்றார். காற்று விழுந்துபோயிருந்தது, தோரணம் அசையவில்லை. நாடாவைப் பிடித்த அவருடைய இரண்டு கையும் விரிந்தன, ஒடுங்கின, மறுபடி விரிந்தன. சேட்டின் தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.

"வையாதை" என்றார் மறுபடியும், மெதுவாக. "பெடியன் அழுறான்."

யோகலிங்கத்தார் போனைக் காதில் அழுத்திக்கொண்டார். பத்மாசனி ஒரு சிப்பியை எடுத்துக்கொண்டு கொடியடிக்கு வந்தாள். குத்திக் காட்டுவதற்கல்ல, உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் கேட்டாள்.

"காத்தோ, அண்ணை?"

தில்லைநாதன் நாடாவைப் பார்த்தார். அளவை வாசிக்கவில்லை.

"காத்தில்லை, பிள்ளை. அவன்தான்."