குழம்பில் விட்ட சொட்டு

1
இந்தக் கதை என் கற்பனை இல்லை. மருத்துவமனை வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எண்ணூர் நெட்டுக்குப்பத்துப் பச்சையம்மா அழுது சொன்னது. எழுதட்டுமா என்றேன். "எய்திக்கோ. எய்தினா மட்டும் இன்னா ஆவப்போவுது?" என்றாள்.

2
முதல் தொடக்கம்: கடல் அன்று அமைதியாக… (வேண்டாம். எண்ணூரில் யாருக்கு அமைதி?)

இரண்டாவது: பச்சையம்மாவின் புருஷன் ஜெயவேலுக்கு மனச்சிதைவு. காதில் குரல் கேட்கும். மாத்திரை தின்றால் குரல் அடங்கும். கை நடுங்கும், உடம்பு விறைக்கும். வலை இழுக்க முடியாதவனுக்குப் படகில் இடமில்லை. மாத்திரையைத் துப்பினான். அவள் தெரிந்த மெடிக்கலில் குரலை அடக்கும் சொட்டு மருந்து வாங்கி, அவன் கடலுக்குக் கொண்டுபோகும் குழம்பில் அவனுக்குத் தெரியாமல் கலந்தாள்.

(மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் வந்து சேரும் வாசல்களை இம்மருந்து அடைக்கிறது. குரல் தணிவது அதனால்தான். கைகாலை ஆட்டுவிக்கும் இடத்திலும் அதே வாசல்கள். அங்கேயும் அடைத்துத் தொலைக்கிறது.)

3
படகில் நாலு வீட்டுக் குழம்பையும் ஒரே சட்டியில் கொட்டித்தான் சாப்பிடுவார்கள். குப்பத்தில் பிறந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். அவசரத்தில் உறைக்கவில்லையாம். (இங்கே அவளை நான் முழுசாக நம்பவில்லை. ஒருவேளை அவள் தெரிந்தே… சரி, விடுங்கள்.)

கால்பங்கு மருந்தில் குரல் அடங்குமா? அடங்கவில்லை. சொட்டைக் கூட்டினாள். ஒருநாள் நடுக்கடலில் கூட்டாளி பிரகாஷுக்குக் கழுத்து திருகிக்கொண்டது, கண் மேலே செருகியது. கரைக்குக் கொண்டுவந்து ஊசி போட்டதும் சரியானது. மருந்தால் வந்தது என்றார் டாக்டர். "நான் எந்த மருந்தும் துன்றதில்ல சார்" என்றான் பிரகாஷ். ஜெயவேலைப் பிடித்த காத்துகருப்புதான் இவனையும் பிடித்தது என்று குப்பம் முடிவுகட்டி, ஜெயவேலைப் படகிலிருந்து இறக்கிவிட்டது.

4
முடிவு ஒன்று: பச்சையம்மா ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்ல, எல்லோரும் மன்னித்து… (எந்த ஊரில்?)

முடிவு இரண்டு: டாக்டர் அளவைக் குறைத்து, நடுக்கத்துக்கும் மாத்திரை தருகிறார். (இதை முதலிலேயே கேட்டிருக்கலாமே! எனக்கு ஆத்திரமாக வருகிறது.)

நடந்தது இதுதான். நேற்று ஜெயவேல் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தான்.

"காதுல பேசுறவன் ரொம்ப நாளா சொல்லிகினு கீறான், நீ சோத்துல இன்னாவோ கலக்குறன்னு. நான் அவன நம்பல, உன்னிய நம்புனேன். சொல்லுமே, கலந்தியா?"

ஆமாம் என்றால் குரல் ஜெயித்துவிடும். இனி அவள் கையால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். இல்லை என்றால், தன் புத்திதான் கெட்டது என்று நம்பி மாத்திரை தின்பான்.

"நீதான் எய்துறவனாச்சே நைனா, வூட்டுக்குப் போயி இன்னா சொல்லட்டும்?" என்று பச்சையம்மா என்னைக் கேட்டாள்.

உங்களுக்குத் தெரிந்தால் சீக்கிரம் சொல்லுங்கள். அவன் இன்னும் சாப்பிடவில்லை.