ஜெயமேரி டீச்சரின் நூறு கெஜம்

செம்பட்டிக்கு அருகே கண்மாய்க்கரையில் ஜெயமேரி டீச்சர் ஓடத் தொடங்கி இருபது எட்டு கூட எடுத்து வைக்கவில்லை. எதிரே வந்த மாட்டுவண்டி நின்றுவிட்டது.

"என்ன டீச்சர், பஸ் போயிருச்சா? ஏறுங்க, மடக்கிப் பிடிச்சிருவோம்" என்றார் வண்டியோட்டி வந்த பொம்மையன்.

"பஸ்ஸெல்லாம் போகல. சும்மாதான் ஓடுறேன்."

"சும்மா யாராச்சும் ஓடுவாகளா? வீட்ல யாருக்கும் சொகமில்லையா?"

நேற்று பால்காரர் கேட்டார். முந்தாநாள் குடத்தோடு வந்த இரண்டு பெண்கள் வழிமறித்தார்கள். ஒரு பெண் ஓடினால் எங்கோ சாவு விழுந்திருக்க வேண்டும், இல்லை பாம்பு துரத்தியிருக்க வேண்டும். பதில் சொல்லிச் சொல்லியே அவளுக்கு மூச்சு வாங்கியது.

திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி படித்த காலத்தில் நூறு கெஜ ஓட்டத்தில் அவளை முந்த ஆளில்லை. அப்புறம் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், பள்ளிக்கூட வேலை. பன்னிரண்டு வருடமாக அவள் ஓடியதெல்லாம் அடுப்படிக்கும் பள்ளிக்கும் நடுவில்தான். 1962-ஆம் வருடம் தை மாதத்தில் ஆசிரியர் விளையாட்டு விழாவுக்கு வந்த சுற்றறிக்கையில் 'ஆசிரியைகளுக்கு நூறு கெஜ ஓட்டம்' என்றொரு வரி இருந்தது. கை தானாகப் பேரை எழுதிவிட்டது. கால்தான் கேட்கவில்லை. ஐம்பது கெஜத்தில் விலாவில் பிடித்துக்கொண்டது, கெண்டைச்சதை முறுக்கிக்கொண்டது. ஊர்மேல் வந்த எரிச்சலைவிட உடம்பின்மேல் வந்த எரிச்சல் பெரிதாக இருந்தது.

இதற்கு மேல் அந்தோணிமுத்து. அவள் கணவன், தனியார் பஸ்ஸில் கண்டக்டர்.

"பஸ்ல ஏறுறவன் பூராம், 'உன் வீட்டுக்காரி ரேசுக்குப் போகுதாமே'ன்னு கேக்குறான். நான் டிக்கெட் கிழிப்பேனா, இதுக்குப் பதில் சொல்வேனா? முப்பத்தி நாலு வயசுல உனக்கு இது தேவையா மேரி?"

"கேக்குறவனுக்கு ரெண்டு டிக்கெட்டாக் கிழிச்சுக் குடுங்க" என்றாள் ஜெயமேரி. ஒரு மாதமாக இதே பேச்சு. சொல்லி அலுத்துப் போயிருந்தாள்.

விழா நாளன்று திண்டுக்கல் மைதானத்தில் ஆண்களின் ஓட்டங்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. ஜெயமேரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காத்திருந்தாள். விழாப் பொறுப்பாளரான தலைமையாசிரியர் ராமர் ஒலிபெருக்கியில் பேசினார். ஆசிரியைகளுக்கு ஓட்டம் கிடையாதாம். அதற்குப் பதில் இசை நாற்காலியாம்.

ஜெயமேரி நேரே மேடைக்குப் போனாள். "சார், ஓட்டம்னுதான சுற்றறிக்கையில போட்டிருந்தீங்க?"

"போட்டிருந்தோம்மா. குடும்பப் பொம்பளைக, விழுந்து கிழுந்து வச்சா யாரு பதில் சொல்றது? நாற்காலியைச் சுத்தி வாங்க, அதுவும் ஓட்டந்தான்."

"நாற்காலியைச் சுத்தவா சார் ஒரு மாசமா கால் வலிக்க ஓடுனேன்?"

அவள் பதிலுக்கு நிற்கவில்லை. சுண்ணாம்புக் கோட்டில் போய்த் தனியாக நின்றாள். கூட்டம் சிரித்தது. அப்போது பேகம்பூரிலிருந்து வந்திருந்த கமர்ஜஹான் டீச்சர் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார். "எனக்கும் உட்காந்து உட்காந்து சலிச்சுப் போச்சு" என்றார். பின்னாலேயே இன்னும் நான்கு பேர் வந்தார்கள். டிரில் மாஸ்டர் தலைமையாசிரியரைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், விசிலை ஊதிவிட்டார்.

ஐம்பது கெஜத்தில் விலா பிடித்தது. ஜெயமேரி பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். "விடாத மேரி, விடாத!" என்று யாரோ தொண்டை கிழியக் கத்தினார்கள். அந்தோணிமுத்துவின் குரல்! அவளைக் கையோடு வீட்டுக்கு அழைத்துப் போகவென்று வந்தவன், எல்லைக் கயிற்றைத் தாண்டி நின்று கத்திக்கொண்டிருந்தான்.

கமர்ஜஹான் முதலாவது. ஜெயமேரி மூன்றாவது. மண்ணில் உட்கார்ந்து மூச்சு இளைத்தாலும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ராமர் பதிவேட்டைத் திறக்கவில்லை. "முடிவை எழுதணும்னா வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் வேணும். நாளைக்கு மேலிடத்துல கேட்டா நான் என்ன சொல்ல?"

"ஆம்பளை வாத்தியாருக எத்தனை பேரு பொண்டாட்டிகிட்டக் கடுதாசி வாங்கிட்டு வந்தாங்க?" என்றார் கமர்ஜஹான்.

ராமர் முகம் சிவந்தது. அந்தோணிமுத்துவைக் கண்டதும், "நல்ல வேளை வந்தீங்க. ரெண்டு வரி எழுதிக் குடுங்க" என்று பேனாவை நீட்டினார்.

அந்தோணிமுத்து பேனாவை வாங்கவில்லை. "ஞாயித்துக்கிழமை தவறாம வாலிபால் ஆடப் போறேன் சார். ஒரு நாளாச்சும் இவகிட்டப் 'போகட்டுமா'ன்னு கேட்டதில்ல. இவ நூறு கெஜம் ஓடுனதுக்கு நான் சீட்டு எழுதணுமா? ஒரு மாசமா நானும் ஏசிக்கிட்டுத்தான் இருந்தேன். தப்பு. கல்யாணமாயிட்டா ஆக்கிப் போடவும் பிள்ளை வளக்கவும்தான் பொம்பளைக்குக் கைகாலுன்னு நாமளா முடிவு பண்ணி வச்சிருக்கோம். அவ உடம்பு அவளோடது, அவ ஆசையும் அவளோடது. அதுக்குச் சம்மதம் குடுக்க நான் யாரு? எழுதுங்க சார், மூணாவது ஜெயமேரின்னு."

ராமர் பதிவேட்டைத் திறந்து எழுதினார்.

ஜெயமேரி சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே கணவனைப் பார்த்தாள். "இதை ஒரு மாசத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா, ரெண்டாவதாச்சும் வந்திருப்பேன்."