நாலாவது தோள்

கொள்ளிச்சட்டியைக் கையில் வாங்கிய பிறகுதான் விஜயனுக்கு உறைத்தது: அப்பாவைத் தூக்க மூன்று பேர்தான் இருக்கிறார்கள். மாமா ஜெயராஜ், பக்கத்து வீட்டுக்காரர், பிரேத வண்டி டிரைவர். பிரிக்பீல்ட்ஸ் சந்துக்குள் வண்டி நுழையாது. தெருமுனை வரை பெட்டியைத் தோளில்தான் கொண்டுபோக வேண்டும்.

எதிர்க் காப்பிக்கடையில் அப்பாவின் ஆபீஸ்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள்தான். ஆனால் விலை படியாத சாமானைப் பார்ப்பதுபோல எட்ட இருந்தே பார்த்தார்கள்.

எழுபத்தெட்டாம் வருஷம் அரசாங்க ஸ்டோரிலிருந்து சிமெண்டு களவு போனபோது, பலபேர் மொட்டைக் கடிதம் போட்டார்கள். அப்பா சின்னையா மட்டும் பெயரெழுதிக் கையெழுத்தும் போட்டார். பெயர் வெளியே வராது என்று விசாரணை அதிகாரி சொல்லியிருந்தார். வாய்ச்சொல்தான், அதைக் காக்க ஒரு சட்டமும் இல்லை. சீக்கிரமே சின்னையாவைக் காப்பார் என்ற ஒதுக்குப்புற ஊருக்குத் தூக்கியடித்தார்கள். பதவி உயர்வு அதோடு சரி. சிமெண்டு விற்ற மேலதிகாரி தம்புசாமிதான் உயர்ந்துகொண்டே போனார்.

அவருடைய கார் இப்போது சந்து முனையில் வந்து நின்றது. ஷூவைக் கழற்றாமலே பெட்டியருகே வந்தார்.

"ஆள் பத்தலியா தம்பி? நான் ஒரு பக்கம் புடிக்கிறேன்."

"வேணாம் சார்," என்றான் விஜயன். "வேற யாராச்சும் வருவாங்க."

"யாரு, அவங்களா?" தம்புசாமி காப்பிக்கடைப் பக்கம் பார்த்தார். "பேரு போட்டு எழுதினது ஒங்கப்பா ஒருத்தர்தான் லா. மத்தவங்க யார் யாருன்னு எனக்கு இன்னும் தெரியல."

கடையில் யாரோ கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தார்கள்.

"கவுத்தவனே தூக்க வந்துட்டான்," என்று ஜெயராஜ் முணுமுணுத்தார். "சர்வீஸ் நல்லாத்தான் இருக்கு."

விஜயன் அம்மாவைப் பார்த்தான். வள்ளியம்மாவின் கண்கள் பெட்டியை விட்டு நகரவில்லை.

"ராவுகாலம் வரப்போவுது. தூக்கட்டும்டா. இத்தன வருஷம் அப்பாதான இவரச் சொமந்தாரு."

விஜயன் தலையசைத்தான்.

கொள்ளிச்சட்டி ஏந்தியவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவன் முன்னால் நடந்தான். பின்னால் வெறுங்கால்களுக்கு நடுவே ஒரு ஜோடி ஷூவின் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. காப்பிக்கடையைத் தாண்டும்போது நாற்காலிகள் நகர்ந்தன. பிறகு இன்னொரு ஜோடி ஷூ. அதற்குப் பின் இன்னொன்று.

"சார், நீங்க விடுங்க சார், நான் புடிச்சுக்கிறேன்," என்றது ஒரு குரல், ரொம்ப மரியாதையாக.

விஜயன் நடையைக் கூட்டினான். சத்தமும் கூடவே வந்தது.