விழாமல் நின்றவள்

மிதுனாவுக்குச் சிட்னியிலிருந்து சம்பந்தம் வந்தபோது மாப்பிள்ளையின் படிப்பு, வேலை, குடும்பம், சாதகம் எல்லாவற்றையும் அம்மா சுபோதினியே விசாரித்து முடித்துவிட்டார். மிதுனா கேட்டது ஒன்றைத்தான்: ஓய்வு நேரத்தில் அவர் என்ன செய்வார்? பதிலாகப் பிரியந்தன் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். ஈரத் தலையோடு, தன்னைவிட உயரமான பலகை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடற்கரையில் நின்றான். கடலில் அலைச்சறுக்குப் போகாத சனிக்கிழமை தனக்குச் சனிக்கிழமையே இல்லை என்று கீழே எழுதியிருந்தான்.

அவள் வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவள். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடி வீடு. குசினி யன்னலைத் திறந்தால் கடல் தெரியும். ரயில் போனால் தட்டுகள் அதிரும். ஆனால் அந்தக் கடலில் அவள் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. தண்டவாளத்துக்கு அப்பால் கருங்கல், கல்லுக்கு அப்பால் வாய்க்கால் கொண்டுவந்து கொட்டும் அழுக்கு. பின்னேரங்களில் காற்று வாங்கவும், யன்னல் கம்பிகள் துருப்பிடிக்கிறதே என்று குறைசொல்லவும் மட்டுமே அந்த வீட்டுக்குக் கடல் பயன்பட்டது. பள்ளிக்கூடத்துத் தடாகத்தில் நீச்சல் பழகியிருந்தாள். பிறகு படிப்பு, அதன்பிறகு கொம்பனித்தெருவில் ஒரு கட்டட நிறுவனத்தில் வேலை. அங்கே கணினிக்கு முன்னால் இருந்து சீமெந்துக்கும் கம்பிக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பிரியந்தன் மார்கழி விடுமுறைக்கு வருவதாக முடிவானது. நேரில் பார்த்துப் பிடித்துக்கொண்டால் தை மாதத்தில் எழுத்து, கல்யாணப் பதிவு. அதற்குள் அலைச்சறுக்குப் பழகி அவனை ஆச்சரியப்படுத்துவது என்று மிதுனா தீர்மானித்தாள். தொலைபேசியில் அவன் கடலைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டில் சொன்னபோது அம்மாவுக்குக் கோபம் வந்தது. நீந்துவது வேறு, வெயிலில் பலகையைத் தூக்கிக்கொண்டு ஆம்பிளைகளுக்கு நடுவில் நிற்பது வேறு என்றார். கல்யாணத்துக்கு முதல் கறுத்துப்போனால் பிறகு எந்தக் கிறீமும் உதவாது என்றார். அப்பா நவரத்தினம்தான் சமாதானம் செய்தார். காப்புறுதி நிறுவனத்திலிருந்து ஓய்வுபெற்று ஒரு வருசமாக வீட்டில் இருக்கிறார். தான் துணைக்குப் போவதாகவும், மாப்பிள்ளைக்குப் பிடித்ததைப் பழகுவது நல்லதுதானே என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தைக்காகவே அம்மா விட்டுக்கொடுத்தார்.

சனிக்கிழமை காலைகளில் இருவரும் ரயிலில் கல்கிசைக் கடற்கரைக்குப் போனார்கள். பழக்கியவர் டெரிக், கொட்டாஞ்சேனைக்காரர், மிதுனாவின் வயதுதான் இருக்கும். முதல் நாள் தண்ணீரில் இறங்கவே விடவில்லை. மணலில் பலகையின் உருவத்தைக் கீறி, அதில் குப்புறப் படுக்கச் சொன்னார். கையால் மணலைத் துழாவி, நெஞ்சுக்குப் பக்கத்தில் கையை ஊன்றி, ஒரே உந்தலில் எழும்பி இரண்டு காலிலும் நிற்கவேண்டும். மிதுனா திரும்பத் திரும்ப எழும்பி விழுந்தாள். தென்னையின் கீழே பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த நவரத்தினம் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

தண்ணீருக்குள் சிரிப்பு வரவில்லை. பலகையின் முனை தாழ்ந்து அவளைத் தலைகீழாகக் குத்தியது. காலில் கட்டிய கயிறு இழுக்க, புரண்டு, எது மேலே எது கீழே என்று தெரியாமல் மணலில் முகம் தேய்ந்து எழும்பினாள். விலா எலும்பெல்லாம் நொந்தது. முழங்கால் தோல் உரிந்தது. திங்கட்கிழமை அலுவலகத்தில் கோப்பு ஒன்றின்மேல் குனிந்தபோது மூக்கிலிருந்து கடல்தண்ணீர் ஒழுகியது. விட்டுவிடலாமா என்று இரண்டு தடவை நினைத்தாள். ஆனால் சனிக்கிழமை வந்ததும் அவளுக்கு முதல் அப்பா துவாயும் தேத்தண்ணீர்ப் போத்தலும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அவர் இப்போது பேப்பர் கொண்டுவருவதில்லை. கரையில் நின்று, தூரத்தில் அலை மடியத் தொடங்குவதைப் பார்த்து, “இப்ப, பிள்ளை, இப்ப” என்று கையைக் காட்டினார். டெரிக் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, அங்கிள் கையைக் காட்டினால் சாமி வரம் தருகிற மாதிரி இருக்கு, கும்பிட்டுவிட்டு எழும்புங்க மிஸ் என்று பகிடி செய்தார்.

கார்த்திகையில் ஒரு காலை, மழை விட்டிருந்த நேரம், மிதுனா நின்றாள். எப்படி நின்றாள் என்று பிறகு கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பின்னாலிருந்து அலை பலகையைத் தூக்கியது, கை ஊன்றியது, பார்த்தால் காலில் நிற்கிறாள். கீழே நுரை இரைந்துகொண்டு ஓடியது. கரை அவளை நோக்கி வந்தது. நவரத்தினம் காற்சட்டையோடு முழங்கால் தண்ணீருக்குள் இறங்கி வந்து, அவளையும் பலகையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பும் ரயிலில், பக்கத்தில் இருந்த சிங்களக் கிழவர் ஒருவருக்குத் தொலைபேசியில் எடுத்த வீடியோவைக் காட்டி, “மகே துவ” என்றார். என்னுடைய மகள். அன்று முழுவதும் தான் பிரியந்தனை ஒருமுறைகூட நினைக்கவில்லை என்பது மிதுனாவுக்குப் படுக்கப்போகும்போதுதான் உறைத்தது.

பிரியந்தன் வந்தான். பார்க்க நன்றாக இருந்தான், மரியாதையாகக் கதைத்தான். வெள்ளவத்தை வீட்டில் இடியப்பமும் சொதியும் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில் அம்மாவுக்கு அவனை மிகவும் பிடித்துவிட்டது. மிதுனாவுக்கும் பிடித்தது. அடுத்த ஞாயிறு அலைச்சறுக்குக்குப் பேர்போன வெலிகமவுக்குப் போகலாம் என்று அவள் சொன்னதும் அவன் ஒரு கணம் தயங்கினான். தன்னுடைய பலகையைக் கொண்டுவரவில்லையே என்றான். அங்கே வாடகைக்கு எடுக்கலாம் என்று நவரத்தினம் உற்சாகமாகச் சொன்னார். அவரும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

சாரதியோடு வான் ஒன்றைப் பிடித்து நாலு பேர் போனார்கள். நாலாவது ஆள் தெஹிவளையில் இருக்கும் பிரியந்தனின் பெரியம்மா. அவரும் நவரத்தினமும் கரையில் குடைக்குக் கீழே இருந்தார்கள். வாடகைக் கடையில் நீண்ட மெத்தைப் பலகையைக் கொடுத்தபோது பிரியந்தன் அது பழகுபவர்களுக்குரியது என்று ஒதுக்கிவிட்டு, குட்டையான கடினமான பலகையைக் கேட்டு எடுத்தான். மிதுனா மெத்தைப் பலகையை எடுத்தாள். தான் சும்மா தண்ணீரில் மிதந்து பார்க்கிறேன், நீங்கள் போங்கள் என்றாள். அவன் முதல் அலையைப் பிடிக்கட்டும், பிறகு தன்னுடைய ஆச்சரியத்தைக் காட்டலாம் என்பது அவளுடைய எண்ணம்.

அவன் கயிற்றைப் பிழையான காலில் கட்டினான். மிதுனா அதைக் கவனித்தாள். ஒருவேளை சிட்னியில் அப்படிக் கட்டுவார்களாக்கும் என்று நினைத்தாள். பிறகு அவன் பலகையில் மிக முன்னால் ஏறிப் படுத்தான். முனை தண்ணீருக்குள் தாழ்ந்தது. அவளுக்கு அந்தப் படுக்கை தெரியும். அவள் முதல் மூன்று வாரமும் படுத்த படுக்கை அது. அலை வந்து அவனைக் குத்திப் புரட்டியது. எழும்பித் திரும்ப ஏறினான், திரும்பப் புரண்டான். இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனிதன் வாழ்க்கையில் ஒரு அலையிலும் நின்றதில்லை என்பது அவளுக்கு மெல்ல மெல்ல, சந்தேகமில்லாமல் விளங்கியது.

கோபம் வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது. அந்த நேரம் அவளுக்குப் பின்னால் ஒரு அலை எழுந்தது. ஒழுங்கான, நீளமான, கல்கிசையில் காத்திருந்தாலும் கிடைக்காத அலை. விட்டுவிடலாமா என்று யோசிக்க முதலே பலகையில் படுத்திருந்தாள், கைகள் துழாவத் தொடங்கியிருந்தன. எழுந்தாள். அலை அவளை அவனைத் தாண்டிக் கரைவரை கொண்டுபோனது. மணலில் இருந்த வெள்ளைக்காரப் பெண்கள் கை தட்டினார்கள். நவரத்தினமும் எழுந்து நின்று தட்டினார். பிறகு, குடைக்குக் கீழே அசையாமல் இருந்த பெரியம்மாவைப் பார்த்தார். தட்டுவதை நிறுத்திவிட்டு இருந்துகொண்டார்.

பிரியந்தன் உதட்டில் இரத்தத்தோடு கரையேறினான். பலகை அடித்திருந்தது. மிதுனா துவாயைக் கொடுத்துவிட்டு, தனக்கும் தொடக்கத்தில் இப்படித்தான் நடந்தது, கொஞ்சம் பின்னால் தள்ளிப் படுத்தால் சரிவரும் என்றாள். ஆறுதலுக்காகத்தான் சொன்னாள்.

“நீர் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை” என்றான் அவன். துவாயைத் திருப்பிக் கொடுக்காமல் வான் நின்ற இடத்துக்கு நடந்தான்.

சாப்பாட்டு மேசையில் பெரியம்மா மட்டும் மீன் குழம்பைப் பற்றி ஏதோ கதைத்தார். திரும்பி வரும்போது முன் இருக்கையில் நவரத்தினமும் பெரியம்மாவும் கண்ணயர்ந்த பிறகு, பிரியந்தன் வெளியே பார்த்தபடி சொன்னான்:

“நீர் பழகிறீர் எண்டு முதலே சொல்லியிருக்கலாம்.”

“நீங்களும் சொல்லியிருக்கலாம்.”



செவ்வாய்க்கிழமை பெரியம்மா தொலைபேசியில் அம்மாவிடம் கதைத்தார். பிள்ளை நல்ல பிள்ளை, ஆனால் படத்தில் இருந்த நிறத்துக்கும் நேரில் இருக்கிற நிறத்துக்கும் நிறைய வித்தியாசம் என்றார். தம்பி அடக்கமான பெண்ணாகப் பார்க்கிறான் என்றார். வேறு ஒன்றும் இல்லை, மனதில் வைத்துக்கொள்ளவேண்டாம் என்றார். மிதுனா பிரியந்தனுக்கு எழுதிய செய்தியை அவன் பார்த்தான் என்பது மட்டும் தெரிந்தது.

அம்மா அழுதார், பிறகு ஏசினார். தான் தொடக்கத்திலேயே சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் திரும்பச் சொன்னார். மிதுனா அதைப் பொறுத்துக்கொண்டாள். அம்மா அப்படித்தான் சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். அப்பா யன்னலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார். அம்மா குசினிக்குள் போனதும் அவள் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவன் ஒரு நாளும் சேர்ஃப் பண்ணியதில்லை, எல்லாம் பொய், நீங்களே பார்த்தீர்கள்தானே என்று கேட்டாள்.

“ஓம், பாத்தனான்” என்றார் நவரத்தினம். பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னார்: “நீ ஒருக்கா விழுந்திருக்கலாமே பிள்ளை.”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவதைப் போலச் சொன்னார். மிதுனா அறைக்குள் போய்க் கட்டிலில் இருந்தாள். பெரியம்மா நிறத்தைச் சொன்னபோது வராத அழுகை அப்போது வந்தது.

அந்தச் சனிக்கிழமை அவர் துவாய் எடுத்து வைக்கவில்லை. மிதுனா தனியே கல்கிசைக்குப் போனாள். அங்கிள் எங்கே என்று டெரிக் கேட்டார். அவருக்கு வேலை என்றாள். அன்று அவளால் ஒரு அலையிலும் நிற்க முடியவில்லை. கையை ஊன்றி எழும்பும் அந்த நொடியில் அப்பாவின் குரல் வந்துவிடும், கால் தடுமாறும், விழுவாள். விழுந்தாலும் கல்யாணத்துக்கு இனிப் பிரயோசனமில்லாத நேரத்தில், அவர் கேட்டபடியே, திரும்பத் திரும்ப விழுந்தாள். டெரிக் ஏதோ விளங்கியவர் போல இன்றைக்குப் போதும் என்று பலகையை வாங்கிக்கொண்டார்.

சில வாரங்களில் கால்கள் பழையபடி நின்றன. முதலில் நின்ற நாளின் சந்தோசம் மட்டும் பழையபடி வரவில்லை. இருந்தாலும் போனாள். போகாமல் விட்டால் அவர்கள் சொன்னதெல்லாம் சரி என்றாகிவிடும் என்று போனாள். கடலுக்குப் போவதற்கு அது நல்ல காரணம் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

பங்குனியில் கனடாவிலிருந்து இன்னொரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் தொலைபேசியில் நவரத்தினத்தோடு நீண்ட நேரம் கதைத்தார். மிதுனா கூடத்தில் உடுப்பு அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குப் பொழுதுபோக்கு என்ன என்று அந்தப் பக்கம் கேட்டிருக்கவேண்டும்.

“வீணை கொஞ்சம் வாசிப்பா” என்றார் அப்பா, ஒரு தடுமாற்றமும் இல்லாமல். “கோயிலுக்குப் போவா. மற்றப்படி வீட்டோடதான்.”

மிதுனா வாழ்க்கையில் வீணையைத் தொட்டதில்லை. அயர்னை நிமிர்த்தி வைத்தாள். அப்பாவுக்கு அருகில் போய், தொலைபேசிக்குக் கேட்கும்படி, சத்தம் போடாமல் சொன்னாள்:

“எனக்கு வீணை தெரியாது. நான் கடலில சேர்ஃப் பண்ணுறனான்.”

நவரத்தினம் தொலைபேசியைப் பொத்தினார். பிறகு லைன் சரியில்லை, பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தாள். ஏசியிருந்தால் அவளும் கதைத்திருப்பாள். அவர் சேர்ட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கனடாக்காரர் பிறகு எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு சம்பந்தம் பற்றிய அழைப்பு வந்தால் அப்பா மூன்று மாடியும் இறங்கிப்போய் ஒழுங்கையில் நின்று கதைத்தார். மிதுனா மேலே பல்கனியிலிருந்து பார்ப்பாள். கையை ஆட்டி ஆட்டி, சிரித்து, யாரோ ஒரு பெண்ணைப் பற்றி அவர் விவரமாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.