அவசரமில்லண்ணா

"பதினாலாவது கேள்வி மாமா," என்றாள் அவள். என் மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து மாணவர் விசா படிவத்தைப் பென்சிலால் நிரப்பிக்கொண்டிருந்தாள். "முன்னாடி எப்பவாவது விசா மறுத்திருக்காங்களான்னு கேக்கறாங்க. ஆமான்னா, விண்ணப்பம் அனுப்பின தேதி, மறுத்த காரணம், ரெண்டும் எழுதணுமாம். அந்த லெட்டர் உங்ககிட்டதானே இருக்கு?"

"அத விடு, நானே போட்டுக்கறேன்," என்றேன். குரல் தேவையில்லாமல் உயர்ந்துவிட்டது.

நான் அவளுக்கு மாமா இல்லை. அவள் அம்மா முதல் நாளே என்னை அண்ணா என்று கூப்பிட்டார், அதனால் இவளுக்கு மாமா ஆகிவிட்டேன். ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடிப்படி ஏறி வலதுபக்கம் என் அலுவலகம். இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்கள் குடும்பங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். கிளம்புகிறவர்கள் விமான நிலையத்திலிருந்து படம் அனுப்புவார்கள். அதையெல்லாம் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை வர வேண்டுமே. இவள் குடும்பத்தின் படமும் அங்கே இருக்கிறது. அம்மாவும் தம்பியும் தள்ளுவண்டியைப் பிடித்திருக்க, பக்கத்தில் வழியனுப்ப வந்த இவள் வெறுங்கையோடு நிற்கிறாள். அந்தப் படத்தை ஒட்டியதும் நான்தான். எந்த முகத்தோடு ஒட்டினேன் என்று தெரியவில்லை.

என் தொழிலில் வெளியே சொல்லாத ஒரு வழக்கம் உண்டு. கத்துகிறவன் ஃபைல் மேலே வரும். தினம் நாலு தடவை போன் பண்ணி உயிரை வாங்குகிறவன், மச்சானைக் கூட்டிவந்து மிரட்டுகிறவன், அவர்கள் வேலை சட்டென்று முடிந்துவிடும். தொல்லை விட்டால் போதும் என்று முடித்துத் தள்ளிவிடுவேன். இவள் அம்மா அந்த ரகம் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் கணவரோடு போய்ச் சேர அவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் விண்ணப்பம். கடைசியாகப் பாக்கி இருந்தது கல்யாணச் சான்றிதழ். மூன்று அலுவலகம் ஏறி இறங்கி அதை வாங்கிவந்து என் கையில் கொடுத்தபோது, மகளுக்குப் பதினெட்டு முடிய முழுசாக ஒரு மாதம் இருந்தது. அதற்குள் அனுப்பிவிட வேண்டும், தாண்டினால் அவள் குழந்தைக் கணக்கில் வரமாட்டாள். இது எனக்குத் தெரியும். தலைகீழாகத் தெரியும்.

"அவசரமில்லண்ணா, நீங்க பாத்துச் செய்யுங்க," என்றார் அவர். மரியாதைக்குச் சொன்ன வார்த்தை. நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டு ஃபைலை மேசை மூலையில் வைத்தேன். அதன்மேல் ஒரு கத்துகிறவன் ஃபைல் வந்தது. அதன்மேல் இன்னொன்று. இடையில் ஒருமுறை தயங்கித் தயங்கிப் போன் செய்து கேட்டார். "அனுப்பின மாதிரிதாம்மா," என்றேன். அவர் அதை அனுப்பியாச்சு என்று கேட்டுக்கொள்வார் என்று தெரிந்துதான் சொன்னேன்.

பிறந்தநாள் அன்று காலை அம்மாவும் மகளும் சாக்லேட் டப்பாவோடு படியேறி வந்தார்கள். புதுச் சட்டையில் இவள் டப்பாவை நீட்டினாள். "ஒண்ணு போதுமா, இன்னொண்ணு எடுத்துக்கங்க மாமா." இரண்டாவது சாக்லேட் வாயில் இருக்கும்போது, "பதினெட்டு முடிஞ்சிருச்சுண்ணா, காலம் ஓடுறதே தெரியல," என்று அவர் சிரித்தார். எனக்கு அந்த இனிப்பு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர்கள் இறங்கிப் போகும்வரை அந்த மூலையைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு மிச்ச வேலையை அவசரமாக முடித்துக்கொண்டு ஓடினேன், கூரியருக்கு.

அம்மாவுக்கும் தம்பிக்கும் கிடைத்தது. இவளுக்கு இல்லை. அன்று அந்த அம்மா இதே நாற்காலியில் அழுதார். நான் தண்ணீர் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, "வழியில லேட்டாயிடுச்சும்மா. அந்தக் கல்யாணச் சர்டிஃபிகேட் மட்டும் ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா தப்பிச்சிருக்கலாம்," என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். என்னைத் திட்டவில்லை. நீங்க எவ்வளவோ பாடுபட்டீங்கண்ணா என்று கையெடுத்துக் கும்பிட்டார். இவளைத் தன் தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் போனார். இப்போது இவள் அதே ஊருக்குப் படிக்கப் போகிறேன் என்று விண்ணப்பிக்கிறாள். அம்மா இருக்கும் வீட்டுக்குப் போக இதுதான் மிச்சமிருக்கும் வழி.

"பென்சில்லதானே மாமா எழுதறேன், குடுங்க," என்று அவளே எழுந்து அலமாரியைத் திறந்தாள். ஃபைல்களை வருஷம் வாரியாக, பெயர் எழுதி அடுக்கி வைப்பதில் எனக்கு ஒரு கர்வம். ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். கடிதத்தின் பின்னால் கூரியர் சீட்டையும் நான்தான் பின் அடித்து வைத்திருந்தேன்.

நின்றபடியே படித்தாள். சீட்டைத் திருப்பிப் பார்த்தாள், மறுபடி முன்பக்கம் பார்த்தாள்.

"என் பொறந்தநாள் அன்னிக்குப் போட்டிருக்கு. மத்தியானம் மூணு நாப்பது." சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "நாங்க காலைலதானே சாக்லேட் கொண்டாந்தோம். அப்ப இது எங்க இருந்துச்சு?"

சொல்ல எத்தனையோ இருந்தது. கூரியர்காரன், நெட்வொர்க், உடம்பு சரியில்லை. விரலால் மேசை மூலையைக் காட்டினேன்.

அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். இன்றும் அங்கே நாலு ஃபைல் கிடந்தது.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து சீட்டைப் படிவத்தின் மேல் வைத்தாள்.

"அம்மா தினமும் போன்ல சொல்லி அழறாங்க. நான் ஒரு வாரம் முன்னாடி அந்தப் பேப்பர வாங்கியிருந்தா உன்ன விட்டுட்டு வந்திருக்க மாட்டேன்னு. ஆறு மாசமா." கைபேசியை எடுத்தாள். "என்னால சொல்ல முடியாது. நீங்களே சொல்லுங்க."

வீடியோ அழைப்பு. மணி போய்க்கொண்டிருந்தபோதே என் கையில் கொடுத்துவிட்டாள். எடுக்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், அதற்கும் வெட்கமாக இருந்தது. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"அண்ணா! நீங்களா! சாப்டீங்களா? இருங்க, இருங்க, ஒண்ணு காட்டணும்." படம் ஆடியது. கதவு, சுவர், சின்ன அறை. "அவளுக்குக் கட்டில் வாங்கிப் போட்டாச்சு. மெத்தை கவரப் பிரிக்கல. அவளே வந்து பிரிக்கட்டும்னு வெச்சிருக்கேன்."

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா," என்றேன்.

"சொல்லுங்கண்ணா. அவசரமில்ல, மெதுவா சொல்லுங்க."

எதிரே அவள் பென்சிலைப் பதினாலாவது கேள்விக்கு மேலே பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அவர் முகம் இல்லை. ஒரு கை மட்டும் மெத்தையின் பிளாஸ்டிக் உறையைத் தடவிச் சுருக்கம் எடுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சரசரப்பு இங்கே என் உள்ளங்கைவரை கேட்டது.